நிற்கத் தெரிந்த வண்டி

நம் பெரியவர்கள் கடிதம் எழுதும்போது க்ஷேமலாபங்களை எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "நிற்க" என்று ஒரு வார்த்தை போடுவார்கள். கடிதத்தின் உண்மையான சங்கதி அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். மோட்டார் வண்டி விஷயத்திலும் அப்படியே என்று நமக்குச் சமீபத்தில் தெரியவந்தது. வண்டி எவ்வளவு வேகம் போகும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், மெத்தை சுகமாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். "நிற்குமா?" என்ற கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

இந்தக் கேள்வியை நமக்கு நினைவூட்டியவர் கோயம்புத்தூரில் இருக்கும் நம் நண்பர் ஒருவர். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு அம்பாஸிடர் வண்டி இருக்கிறது. 1966-ஆம் வருஷத்தில் அவருடைய தகப்பனார் வாங்கியது. மார்க் 2 என்ற வகையைச் சேர்ந்தது. தகப்பனார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகியும், வண்டியில் ஒரு திருகாணியைக்கூட நண்பர் மாற்ற விட்டதில்லை. "அப்பா வைத்தது வைத்தபடி இருக்கட்டும்" என்பது அவருடைய கொள்கை. சுத்தமான கொள்கைதான், ஆனால் சென்ற சித்திரை மாதத்தில் அந்தக் கொள்கைக்கு ஒரு சோதனை வந்தது. அந்தச் சோதனையின்போது நாமும் வண்டிக்குள்ளே இருந்தபடியால், இதை வெறும் கேள்விச் செய்தியாக எழுதவில்லை என்பதை நேயர்கள் நம்பலாம்.

*

குன்னூரில் இரண்டு நாள் தங்கிவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியை நண்பர் ஓட்டினார். பக்கத்தில் நாம். பின்னால் அவருடைய மனைவியார், மகள், ஆறு வயதுப் பேரன். மலைச் சரிவில் பாக்கு மரங்களும், பள்ளத்தாக்கில் மேகமும், ஆகாயத்தில் மேலும் கொஞ்சம் மேகமும் இருந்தன. நண்பர் டாப் கியரிலேயே வண்டியை இறக்கினார். அப்படி இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது அவர் இளமையில் யாரிடமோ கற்ற பாடம். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிப்பதும், நேரான இடத்திலும் காலை எடுக்காமல் லேசாக அழுத்தியபடி வருவதுமாக இருந்தார்.

பர்லியாறு நெருங்கும்போது ஏதோ கருகுகிற வாசனை வந்தது. "யாரோ வழியில் குப்பை கொளுத்துகிறார்கள்" என்றோம். அடுத்த வளைவில் நண்பர் பிரேக்கை மிதித்தார். மிதி வழக்கத்துக்கு மேல் இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. அதற்கு அடுத்த வளைவில் மிதி ஏறக்குறைய தரையைத் தொட்டது. வண்டியோ தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சில விநாடிகளில் நண்பரின் முகத்தை நாம் பார்த்தோம். அதை வர்ணிக்கப் போவதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேரன் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். நண்பர் மூன்றாவது கியருக்கும், பிறகு ஓர் அலறல் சத்தத்தோடு இரண்டாவது கியருக்கும் மாற்றினார். கைப் பிரேக்கை இழுத்தார். வண்டியை மலைப் பக்கமாக ஒதுக்கி, மண் கரையில் உராயவிட்டார். ஒரு மதகுக்குப் பத்து அடி முன்னால் வண்டி நின்றது.

மதகின்மேல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு நண்பர் பயந்து பயந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! ஒன்றுமே நடக்காதது போல் பிரேக் கெட்டியாகப் பிடித்தது. ஊருக்குப் போய்ப் பட்டறையில் கழற்றிப் பார்த்தபோதும், "ஒரு குறையும் இல்லையே, ஐயா!" என்றார்கள். லைனிங் இருந்தது, பிரேக் ஆயில் இருந்தது, எங்கும் ஒழுகவில்லை.

இந்த நோயின் விபரீதமே அதுதான். சூட்டில் வருகிறது, சூடு ஆறினால் போய்விடுகிறது. போன பிறகு வைத்தியர் நாடி பிடித்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

*

நண்பரின் மகள் பம்பு செட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என்ஜினீயராக இருக்கிறாள். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். நமக்குக் கணக்கு என்றால் சற்றுப் பயம்; ஆனாலும் இந்தக் கணக்கு எளிதாகப் புரிந்தது.

வண்டியும் ஐந்து ஜனங்களும் மூட்டைகளுமாகச் சேர்த்துச் சுமார் 1,400 கிலோ. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அவ்வளவு பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி இரண்டு கோடி ஜூலுக்கு மேல். காற்றும் டயரும் என்ஜினும் அதில் ஒரு பங்கை விழுங்கும். டாப் கியரில் இறங்கினால் என்ஜின் விழுங்கும் பங்கு மிகச் சிறியது. மிச்சம் அத்தனையும் பிரேக்கில் சூடாக மாறியே தீரவேண்டும். அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

"இரண்டு கோடி ஜூல் என்றால் எவ்வளவு?" என்று நண்பரின் மனைவியார் கேட்டார்.

"சுமார் எழுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், அம்மா" என்றாள் மகள்.

"அடேயப்பா! கல்யாண வீட்டு அண்டா அல்லவா அது!" என்றார் அந்த அம்மையார்.

கல்யாண வீட்டு அண்டாவைக் கொதிக்க வைக்கும் நெருப்பை நாலு சிறிய இரும்பு டிரம்களுக்குள் போட்டு மூடினால் என்ன ஆகும்? அதுதான் அன்று மலையில் ஆயிற்று.

*

டிரம் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புச் சட்டி சுழல்கிறது. சட்டிக்குள்ளே பிறை வடிவமாக இரண்டு கட்டைகள். மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலின் அழுத்தம் அந்தக் கட்டைகளை வெளிப் பக்கமாகத் தள்ளுகிறது, கட்டையில் ஒட்டியிருக்கும் லைனிங் சட்டியின் உட்சுவரில் உராய்கிறது, வண்டி நிற்கிறது. சட்டி சுழலும் திசையை நோக்கியிருக்கும் கட்டையைச் சட்டியே இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். ஆகையால் காலுக்குச் சிரமம் குறைவு. டிரம் பிரேக்கின் பெரிய குணம் இது. புழுதியும் சேறும் எளிதில் உள்ளே போகா என்பது இன்னொரு குணம். மலிவு என்பது மூன்றாவது குணம்.

குற்றம் என்ன? சட்டி சூடானால் விரிகிறது. விரிந்தால் கட்டையை விட்டு விலகுகிறது. விலகிய தூரத்தைச் சரிக்கட்ட மிதி இன்னும் ஆழமாகப் போகவேண்டியிருக்கிறது. அதோடு, லைனிங் அளவுக்கு மேல் காய்ந்தால் அதன் பிடிப்பே குறைந்துபோகிறது. மூடிய சட்டியாகையால் சூடு வெளியே போக வழியும் குறைவு. ஆற்றைக் கடந்து வந்தாலோ, உள்ளே புகுந்த தண்ணீர் சீக்கிரத்தில் வெளியேறாது.

டிஸ்க் பிரேக் வேறு வகை. சக்கரத்தோடு ஒரு தட்டுச் சுழல்கிறது. அதன் இரு பக்கமும் இரண்டு வில்லைகள். மிதித்தால் காலிப்பர் என்னும் இடுக்கி அந்த வில்லைகளைத் தட்டின்மேல் இறுக்குகிறது. சுழலும் பம்பரத் தட்டை நாம் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி நிறுத்துவது போலத்தான். தட்டு சூடானால் பருக்கிறது. பருத்தால் வில்லையை நோக்கியே வருகிறது, விலகுவதில்லை. தட்டு திறந்தபடி காற்றில் இருப்பதால் சூடு விரைவில் ஆறுகிறது. தண்ணீர் பட்டாலும் சுழற்சியிலும் வில்லையின் துடைப்பிலும் போய்விடுகிறது.

இவ்வளவு நல்ல யோசனை நேற்றுப் பிறந்ததல்ல. பிரான்ஸ் தேசத்து லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு உருவம் கொடுத்ததும், இங்கிலாந்தில் பிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதும் ஒரே வருஷத்தில்தான்: 1902. ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்று உடனே உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டது. மற்றொன்று ஐம்பது வருஷம் காத்திருந்தது. 1953-ஆம் வருஷம் பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் நடந்த இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வண்டி முதலாவதாக வந்தது. நேர்ச் சாலையில் யார் வேகமாகப் போகிறார்கள் என்பதல்ல, வளைவுக்கு எவ்வளவு அருகில் வந்து பிரேக் போட முடிகிறது என்பதே வெற்றிக்கு வழி என்று அன்று உலகம் கண்டது. இரண்டு வருஷம் கழித்து, 1955-ல், சித்ரோன் கம்பெனியார் தங்கள் டி.எஸ். வண்டியில் அதைச் சாமானியக் குடும்பங்களுக்கும் கொண்டு வந்தார்கள்.

நம் தேசத்திலோ, வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை ஆதாரமாக வைத்து அம்பாஸிடரைச் செய்யத் தொடங்கியது 1950-களின் பிற்பகுதியில். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அந்நாளில் உலகத்தின் பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான் இருந்தன. நம் சாலைகளும் மாட்டு வண்டியோடு பங்கு போட்டுக்கொள்ளும் சாலைகளாகவே இருந்தன. மந்திரி முதல் டாக்ஸிக்காரர் வரை அந்த வண்டியில் போனார்கள். 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. இதற்கிடையில் பிற்காலத்து அம்பாஸிடர்களுக்கு முன் சக்கர டிஸ்க் பிரேக்கும், மிதிக்கு உதவி செய்யும் பூஸ்டரும் வந்து சேர்ந்தன. அதாவது, அண்ணன் வண்டிக்கு வேண்டிய மருந்து தம்பி வண்டியிலேயே இருந்தது.

*

ஆகவே மாற்றிவிட வேண்டியதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நண்பரின் மனைவியாரும் மகளும் அதையேதான் சொன்னார்கள். நண்பர் ஒப்பவில்லை.

"அப்பா இந்த மிதியைத்தான் மிதித்தார். இதே பிரேக்கோடு இருபது வருஷம் ஊட்டிக்குப் போய்வந்தார். பிசகு என்னுடையது; வண்டியுடையது அல்ல. என் தப்புக்கு வண்டியைத் தண்டிப்பதா?" என்றார்.

இந்த வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளமாட்டோம். அதில் பாதி முற்றிலும் உண்மை. அவருடைய தகப்பனார் இரண்டாவது கியரில் இறங்குவாராம். ஆகையால் அவருக்கு அந்த அவஸ்தை நேரவில்லை. எந்தக் கியரில் மலை ஏறுகிறோமோ, அதே கியரில் இறங்கவேண்டும் என்பது பழைய டிரைவர்களின் வேதவாக்கு. அதை மறந்தது நண்பரின் குற்றமே.

ஆனால் மற்றப் பாதி? தகப்பனார் போன சாலையில் இன்று நாம் போகவில்லை. இன்று அவருக்கு முன்னால் போகும் வண்டி நாலு சக்கரத்திலும் டிஸ்க்கோடு திடீரென்று நிற்கிறது; பின்னால் பஸ் முட்டிக்கொண்டு வருகிறது. முன்னவன் நின்ற தூரத்துக்குள் நாமும் நிற்க முடியவில்லை என்றால், பிசகு யாருடையது என்று பிறகு ஆராய்ந்து என்ன பயன்?

சட்டமும் இந்த விவாகாரத்தில் தலையிடுகிறது என்பதைச் சொல்லவேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்வதற்கு மத்திய ஸர்க்கார் 2021-ல் விதிகள் செய்திருக்கிறார்கள். அப்படிப் பதிவு செய்ய வண்டி தன் அசல் உருவத்தில் இருக்கவேண்டும். அடிச்சட்டம், மேற்கூடு, என்ஜின் இவற்றில் மாறுதல் கூடாது. ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியில் நினைத்தபோதெல்லாம் குடும்பத்தோடு சவாரி போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். மற்றொரு பக்கம், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர்கள் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியிருக்கிறது. ஆகையால் முதலில் போக வேண்டிய இடம் பட்டறை அல்ல. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, நாம் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "இந்த வண்டி உங்களுக்குக் காட்சிக்கா, பிரயாணத்துக்கா?"

அவர் வெகு நேரம் பேசவில்லை. காட்சிக்கு என்றால் ஒன்றையும் மாற்ற வேண்டாம். வருஷத்துக்கு நாலு நாள் ஊர்ச் சாலையில் மெதுவாக ஓட்டிவிட்டுத் துணி போட்டு மூடிவிடலாம். பிரயாணத்துக்கு என்றால், அதில் ஏறுகிறவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். முற்றத்தில் பேரன் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தான். நண்பர் அவனைப் பார்த்தார். பிறகு, "பிரயாணத்துக்குத்தான்" என்றார்.

*

அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகே வேலை ஆரம்பமாயிற்று. பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர். அம்பாஸிடரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடியவர். "டிஸ்க் பூட்டுவது ஒரு நாள் வேலைங்க, ஐயா. சரியாகப் பூட்டுவதற்குத்தான் ஒரு மாசம் ஆகும்" என்றார். அந்த ஒரு மாதத்தில் நாம் கற்றுக்கொண்டதை, இத்தகைய காரியத்தில் இறங்க விரும்பும் குடும்பங்களுக்காகக் கீழே தருகிறோம்.

முதலாவது, முன் சக்கரங்களை மட்டும் மாற்றினால் போதும். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன் பக்கமாகச் சாய்கிறது. ஆகையால் நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரங்களுடையது. பின் சக்கர டிரம்கள் அப்படியே இருக்கலாம். கைப் பிரேக்கும் அவற்றோடு பழையபடி வேலை செய்யும்.

இரண்டாவது, சாமான்களை அங்கொன்று இங்கொன்று பொறுக்கக் கூடாது. பிற்காலத்து அம்பாஸிடர் ஒன்றின் சக்கர அச்சுக் கட்டை, தட்டு, காலிப்பர், பேரிங் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகக் கொண்டுவரவேண்டும். வேறொரு கம்பெனியின் காலிப்பரைக் கொண்டுவந்து, இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டுப் போட்டுத் தாங்க வைப்பவர்கள் உண்டு. நிற்கும் சமயத்தில் வண்டியின் முழுப் பலமும் அந்த ஒட்டின்மேல் இறங்குகிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பழைய காலிப்பரானால் பிரித்து, பிஸ்டனில் துருப் பார்த்து, ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடவேண்டும். தட்டு கோணாமல் ஓடுகிறதா என்று அளவு கருவி வைத்துப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, மாஸ்டர் சிலிண்டர். இதுதான் பலர் இடறி விழும் இடம். டிரம்முக்குள் இருக்கும் சிறிய சிலிண்டர்களுக்குக் கொஞ்சம் ஆயில் போதும். காலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு அதிகம் வேண்டும். "அப்படியானால் பெரிய மாஸ்டர் சிலிண்டராகப் போட்டுவிடலாமே!" என்று தோன்றும். அங்கே பாஸ்கல் என்ற பிரெஞ்சுப் பேரறிஞர் குறுக்கே வருகிறார். முக்கால் அங்குல விட்டமுள்ள சிலிண்டருக்குப் பதிலாக ஓர் அங்குல விட்டமுள்ளதைப் போட்டால் பரப்பு 9-க்கு 16 என்று பெருகுகிறது; அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 16-க்கு 9 என்று குறைகிறது. மிதி கல்லைப் போல் இருக்கும், வண்டி நிற்காது. ஆகவே டிஸ்க் வண்டிக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டரே வேண்டும். அதிலும் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு அறை உள்ளதாக இருப்பது உத்தமம். பழைய வண்டிகளில் ஒரே அறைதான்; எங்காவது ஒரு குழாய் உடைந்தால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் புதிய கார்களுக்கு இப்படிப் பிரிந்த அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

இதிலே ஒரு சின்ன நுட்பமும் உண்டு. டிரம் பிரேக்குக்குச் செய்த பழைய மாஸ்டர் சிலிண்டர்களில், மிதியை விட்ட பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் நிற்கும்படி ஒரு வால்வு வைத்திருப்பார்கள். டிஸ்க் போகும் குழாயில் அது இருந்தால், வில்லைகள் தட்டை விடாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். நாலு மைலில் சக்கரம் பழுக்கக் காய்ந்துவிடும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் வண்டிகளில் மட்டும், ஆயில் பின்வாங்காமல் இருக்க 2 பவுண்டு வால்வு வைப்பார்கள்.

நாலாவது, பூஸ்டர். டிரம் தன் கட்டையைத் தானே இழுத்துக்கொள்ளும் என்று சொன்னோம் அல்லவா? டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. எனவே கால் அதிகமாக உழைக்க வேண்டும். அல்லது என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு உதவும் பூஸ்டர் வேண்டும். பூஸ்டர் வைத்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. என்ஜின் நின்றால் ஓரிரு மிதிக்கு மேல் அந்த உதவி கிடைக்காது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கச் சாவியை அணைத்துவிட்டு மலை இறங்குவது எந்த வண்டியிலும் தப்பு. இந்த வண்டியில் மகா தப்பு.

ஐந்தாவது, முன்னுக்கும் பின்னுக்கும் சமரசம். பின் சக்கரத்துக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் போனால் அது முதலில் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையில் வண்டியின் வால் முன்னே வரப் பார்க்கும். அதனால் பின் குழாயில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் வால்வு ஒன்று வேண்டும். அதை ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்பி அமைக்கவேண்டும்.

ஆறாவது, குழாயும் ஆயிலும். அறுபது வருஷத்து இரும்புக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் வைத்துக்கொண்டு புதுப் பிரேக் பூட்டுவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவதாகும். எல்லாம் புதிது போடவேண்டும். ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஹோஸ் எங்கும் உராயவில்லை என்று பார்க்கவேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவம் உடையது. டாட் 3 என்ற வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் குடித்த பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230-ம் 155-ம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கொண்டுபோகாது. அப்போது டிஸ்க்கும் உதவாது, பூஸ்டரும் உதவாது. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆயிலை மாற்றி, குழாயிலிருந்து ஏர் எடுப்பது உசிதம். மண்ணெண்ணெயோ என்ஜின் ஆயிலோ ரப்பர் வளையங்களில் படவே கூடாது. அவை ஊதிக் கெட்டுப்போகும்.

ஏழாவது, உயிரைப் பற்றியது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுகிற பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. வேலை செய்கிறவருக்கு முகமூடி வாங்கிக் கொடுப்பது வண்டிக்காரரின் கடமை. நண்பர் வாங்கிக் கொடுத்தார். பெரியவர் முதலில் சிரித்தார்; காரணத்தைக் கேட்ட பிறகு சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் ஊதித்தானே தள்ளினேன்" என்றார் மெதுவாக. மறுநாள் தம் பையன்களுக்கும் இரண்டு முகமூடி வாங்கிவந்தார்.

இந்த ஏழில் மூன்றைச் செய்து நாலை விட்டுவிடுகிறவர்கள், டிரம்மோடு இருந்திருந்தால் க்ஷேமமாக இருந்திருப்பார்கள் என்று பட்டறைப் பெரியவர் சொன்னார். நமது அபிப்பிராயமும் அதுவே. அரைகுறையாக மாற்றிய பிரேக்கிலே ஒரு பொய்யான தைரியம் இருக்கிறது.

*

வேலை முடிந்த அன்று, கழற்றிய டிரம்களையும் கட்டைகளையும் பழைய மாஸ்டர் சிலிண்டரையும் நண்பர் தாமே துடைத்தார். கிரீஸ் தடவி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினார். எது எந்தச் சக்கரத்தினுடையது என்று சீட்டு எழுதிக் கட்டினார். தகப்பனாரின் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அடிச்சட்டத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை. வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று பேரன் பிற்காலத்தில் விரும்பினால் ஆக்கிக்கொள்ளலாம். பழைமையைப் பேணுவதற்கு இதுவும் ஒரு வழி என்று நமக்குத் தோன்றிற்று.

முதல் சில நாட்கள் ஊருக்கு வெளியே மிதமான வேகத்தில் போய்ப் பல முறை மெதுவாக நிறுத்தி, புது வில்லைகளைத் தட்டோடு பழக்கினார்கள். பிறகு ஆவணி மாதத்தில் ஒரு நாள், அதே ஐந்து பேர் குன்னூருக்குப் போனோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: இறங்கும்போது நம் வலது கால் நம்மை அறியாமல் வண்டியின் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

நண்பரோ இரண்டாவது கியரைப் போட்டு, என்ஜின் முனகலோடு, வண்டியைத் தகப்பனார் இறக்கியது போலவே இறக்கினார். வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டார். தொட்ட மாத்திரத்தில் வண்டி அடங்கிற்று. பர்லியாறு தாண்டியும் கருகல் வாசனை இல்லை.

"இவ்வளவு நிதானமாக இறங்குவதானால் பழைய பிரேக்கே போதுமே, அப்பா!" என்று மகள் பின்னாலிருந்து வேடிக்கையாகச் சொன்னாள்.

"அந்தப் பிரேக் போயிருக்காவிட்டால் நான் இந்தக் கியரில் வந்திருப்பேனா, அம்மா?" என்றார் நண்பர்.

அதே மதகண்டையில் வண்டியை நிறுத்தினார். நிறுத்த நினைத்த இடத்தில் நின்றது. பேரன் கீழே குதித்து, புதுத் தட்டைத் தொட்டுப் பார்க்க ஓடினான், "தொடாதே, சுடும்!" என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம். மதகின்மேல் உட்கார்ந்து, நண்பரின் மனைவியார் கட்டிக்கொண்டு வந்திருந்த இட்லியைச் சாப்பிட்டோம். சென்ற தடவை அதே இடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒருவரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது.